ஒரு கிண்ணம் மைதாப் பசை

அந்த ஜன்னல் கண்ணாடியைச் சற்று இழுத்து மூடிக்கொள்ளுங்கள் சார். எனக்காகச் சொல்லவில்லை. மடியில் பன் இருக்கிறது, சூடு ஆறிவிடும். கோத்தகிரியிலிருந்து அரவேணு தாண்டும்வரை பஸ்ஸில் குளிர் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும். நன்றி. நீங்களும் மேட்டுப்பாளையம்தானா? நல்லது. ஒன்றரை மணி நேரம் பேச ஆள் கிடைத்தது.

என் பெயர் ஞானாபரணம். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன், கடைசிப் பதினோரு வருடம் தலைமையாசிரியராக. அதனால்தான் பேச்சு இப்படிப் புத்தகம் போல வருகிறது. என் மனைவி சுகிர்தம் கேலி செய்வாள். "உங்க அப்பா கல்யாணத்தன்னிக்கே எனக்கு மூணு பாடம் நடத்திட்டாரு, நாலாவதுக்கு மணி அடிச்சிருச்சு" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். ஆனால் ஒன்று சார், ஒரு மனிதன் தன் வாழ்நாளில் கண்டதை அடுத்தவனுக்குப் பயன்படுமாறு சொல்லாமல் போனால், அவன் கண்டதற்கு என்ன பொருள்? அதனால்தான் நான் எதையும் ஓர் உவமையாக்கிச் சொல்வேன். உவமையாகச் சொன்னால் மனத்தில் தங்கும்.

மேட்டுப்பாளையத்தில் என் மகள் இருக்கிறாள். பியூலா. ஒரே மகள். இப்போது ஏழாம் மாதம். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்கு மட்டும் சொன்னாள். மூன்று வாரத்துக்கு முன்பு. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சுகிர்தம் போனைக் காதில் வைத்தபடியே அழுதாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அப்பா வரலாமாம்மா?" என்று. பதில் எனக்கும் கேட்டது.

"வரலாம். ஆனா கதை சொல்லக் கூடாது."

அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து என் மகள் எனக்குச் சொன்ன சொல் இது. அதுவும் அம்மா வழியாக. இதில் என்ன நியாயம் என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

இவள் முதல் முறை உண்டானபோது, மாப்பிள்ளை ஜெயசிங் ஒரு வாதம் வைத்தான். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். நல்லவன்தான், குடி கிடையாது, ஆனால் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. "மாமா, மலையில குளிரு, ஆஸ்பத்திரியும் தூரம். பிரசவம் இங்கயே வச்சுக்கலாமே" என்றான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்க வேண்டும். அது நம் வழக்கம். வழக்கம் என்பது வேலி போல. வேலியைப் பிடுங்கிவிட்டுப் பயிரைக் காப்பாற்றுவேன் என்பவனை என்னவென்று சொல்வது? இதையே அவனிடம் ஓர் உவமையாகச் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு, "சரிங்க மாமா" என்று போய்விட்டான்.

ஆறாம் மாதக் கடைசியில் பியூலாவை அழைத்து வந்தோம். ஐப்பசி மாதம். அவளுக்கென்று வீட்டின் தெற்கு அறையைத் தயார் செய்தேன். நானே செய்தேன் சார், கூலிக்கு ஆள் வைக்கவில்லை. சுவருக்கு வெள்ளையடித்தேன். உத்தரத்தில் தொட்டில் கொக்கியைப் பிடுங்கிப் பார்த்து, பழையது துருவேறியிருக்கிறது என்று புதிதாக ஒன்று மாட்டினேன். அதில் நானே தொங்கிப் பார்த்தேன். எழுபது கிலோவைத் தாங்குகிற கொக்கி மூன்று கிலோவைத் தாங்காதா? சுகிர்தம் வாசலில் நின்று, "பேரன் வர்றதுக்குள்ள தாத்தா ஆடிப் பாத்துட்டாரு" என்று சிரித்தாள்.

பிறகு குளிர். மலையில் பிறக்கும் குழந்தைக்குக் குளிர்தான் முதல் எதிரி. வென்டிலேட்டருக்குத் தகரம் அடித்தேன். ஜன்னல் இடுக்குகளில் நாளிதழை நான்காக மடித்து ஒட்டினேன். கதவுக்குக் கம்பளித் திரை, கதவின் அடியில் வைக்கத் துணியைச் சுருட்டித் தலையணை போல ஓர் அணை. மெழுகுவர்த்தி ஏற்றி மூலை மூலையாகப் பிடித்துப் பார்த்தேன். சுடர் அசையவில்லை. அசையாத அந்தச் சுடரைப் பார்த்து நான் எவ்வளவு மகிழ்ந்தேன் தெரியுமா?

ஒட்டுவதற்குப் பசை சுகிர்தம் காய்ச்சித் தந்தாள். மைதாப் பசை. அவள் ஒரு காலத்தில் மிஷன் விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தவள். பன், ரஸ்க், இஞ்சி பிஸ்கட், வாழைப்பழக் கேக் எல்லாம் கைவந்தவை. எங்கள் வீட்டு ஓவன் என்பது ஒரு தகரப் பெட்டி. கரியடுப்பின் மேல் பெட்டியை வைத்து, பெட்டியின் மூடிமேலும் நெருப்புக் கங்குகளைப் பரப்பிவிட்டால் மேலும் கீழும் சமமாக வேகும். அன்றைக்கு அவள் ஒரு கிண்ணம் மாவை எனக்குப் பசைக்குத் தந்தாள், மீதியைப் பன்னுக்குப் பிசைந்தாள். ஒரே பொட்டலத்து மாவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஓவன் இருபது வருடமாகப் பின்பக்கத்துக் கொட்டகையில்தான் இருந்தது. நாலு பக்கமும் திறந்த கொட்டகை. அந்த வருடம் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. கொட்டகை ஒழுகியது. பியூலாவுக்கோ பன் வாசனை இல்லாமல் சோறு இறங்காது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஓவனைத் தெற்கு அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் பன்னும் வேகும், அறையும் சூடாகும். ஒரே நெருப்பில் இரண்டு பயன்.

"புகை அடிக்குமேங்க" என்றாள் சுகிர்தம்.

நான் என்ன மடையனா? கரியை வெளியே வைத்து விசிறி, புகை முற்றிலும் அடங்கி, சிவப்பாகப் பழுத்த பிறகுதான் உள்ளே எடுத்துவந்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. கண்ணில் நீர் வராது, தொண்டை கமறாது, வாசனை என்றால் வெண்ணெய் வாசனை மட்டும். அந்த ஐந்து வாரத்தைப் போல ஒரு காலம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை சார். வெளியே மழை. உள்ளே வெதுவெதுப்பு. நான் வெளி வேலையெல்லாம் முடித்து நாலு மணிக்கு வருவேன். மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து தேங்காய் பன்னைப் பிட்டுத் தேநீரில் தோய்த்துத் தின்போம். பியூலா வயிற்றைத் தடவிக்கொண்டு, "உதைக்கிறாம்ப்பா. பன் வாசனைக்கு உதைக்கிறான்" என்பாள். என் கையை எடுத்து வைத்துப் பார்க்கச் சொல்வாள். நான் தகப்பன், எனக்குக் கூச்சம். ஒரே ஒரு முறை வைத்தேன். உதைத்தான்.

அவளுக்குத் தலைவலி வந்தது உண்மை. "தலை விண்ணு விண்ணுன்னு இருக்குப்பா. கொஞ்சம் காத்து வேணும்" என்பாள். வாந்தியும் வந்தது. கர்ப்பிணிக்கு வராததா? சுகிர்தத்துக்கும் தலைவலி என்றாள். ஆனால் பாருங்கள், மார்க்கெட்டுக்குப் போனால் அவளுக்குத் தலைவலி இருக்காது, கோயிலுக்குப் போனால் இருக்காது, வீட்டுக்கு வந்தால் மட்டும் வரும். நான் அதைச் சுட்டிக்காட்டினேன். ஊர் சுற்றினால் தீர்கிற தலைவலிக்கு மருந்து மாத்திரை அல்ல, மன அடக்கம் என்றேன். எனக்கு ஒரு நாளும் தலைவலி வந்ததில்லையே! நானும் அதே அறையில்தானே தேநீர் குடித்தேன்?

ஆமாம், அரை மணி நேரம். அதற்கு மேல் நான் அங்கே உட்காருவதில்லை. நீங்கள் கேட்பது புரிகிறது.

இன்னொன்று கவனித்தேன். ஜன்னல் ஓரத்தில் நான் ஒட்டிய தாளில் ஓர் ஓட்டை. விரல் நுழையும் அளவு. அதை மறுபடி ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி ஓட்டை. பியூலாதான். கட்டிலில் படுத்தபடி நகத்தால் சுரண்டி, அதில் மூக்கை வைத்துக்கொண்டு படுப்பாளாம். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் நான் அடிக்கிறவனோ கத்துகிறவனோ அல்ல. எதையும் யார்மேலும் திணிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னேன். ஏரிக்கரையில் ஒரு நண்டு தனக்கென்று ஒரு சின்ன வளை தோண்டியது. காவல்காரன் பார்த்துவிட்டு, நண்டு வளைதானே என்று போய்விட்டான். மழைக்காலம் வந்தது. அந்த வளை வழியாகத் தண்ணீர் புகுந்து கரை உடைந்து, மூன்று ஊர் போயிற்று. "உன் சுகத்துக்கு நீ தோண்டும் வளை உன் பிள்ளைக்குச் சளியாக வந்து முடியும்" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "சரிப்பா, ஒட்டிருங்க" என்றாள். மிச்சமிருந்த பசையில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரைத்து ஒட்டினேன்.

மாப்பிள்ளை ஒரு ஞாயிறு வந்தான். அறைக்குள் நுழைந்தவன் கம்பளித் திரையை ஒதுக்கிக் கதவை விரியத் திறந்து வைத்தான். "என்ன மாமா இது, டப்பாக்குள்ள அடைச்ச மாதிரி? டிப்போல கதவ சாத்திட்டு இஞ்சின ஓடவிட்டா எங்க போர்மேன் செருப்பாலயே அடிப்பாரு" என்றான்.

நான் சிரித்தேன். "அது டீசல் மாப்பிள்ளை. இது கரி. கரி என்பது மரம். மரம் ஆண்டவர் படைத்தது."

"டீசலும் அவரு படைச்சதுதான் மாமா."

சுகிர்தமும் பியூலாவும் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். மாணவன் ஒருவன் வகுப்பில் சிரிக்க வைத்தால் பாடம் கெட்டுப்போகும். சாயங்காலம் அவன் பஸ் ஏறியதும் நான் திரையை இழுத்துவிட்டேன்.

குஞ்சப்பனை செக்போஸ்ட் வந்துவிட்டது பாருங்கள். இனிமேல் குளிர் இராது. கண்ணாடி அப்படியே இருக்கட்டும், பன் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு. பியூலாவுக்கு எட்டாம் மாதம். கோயிலிலிருந்து ஜெபக்கூட்டப் பெண்கள் அவளுக்காக ஜெபிக்க வருவதாக ஏற்பாடு. அவர்களுக்காகத் தாயும் மகளும் காலையிலிருந்து கேக் வேகவைத்தார்கள். மூன்று நாள் விடாத மழை, கரண்டும் இல்லை. ஒன்று எடுத்து, ஒன்று வைத்து, கங்குகளை மாற்றி மாற்றி. அன்று கோயிலில் பிரசங்கம் செய்வது என் முறை. போய்விட்டேன். பன்னிரண்டரை மணிக்கு அந்தப் பெண்கள் பாட்டுப் புத்தகங்களோடு வந்து கதவைத் திறந்தபோது, சுகிர்தம் சுவரில் சாய்ந்து கிடந்தாள், மகள் கட்டிலில் கிடந்தாள். எழுப்பினால் எழவில்லை. நூற்றெட்டுக்குப் போன் செய்து, கோத்தகிரி ஆஸ்பத்திரி, அங்கிருந்து கோயம்புத்தூர்.

சுகிர்தம் மூன்றாம் நாள் பேசினாள். பியூலாவும் பிழைத்தாள். குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. பையன். இரண்டு கிலோ நூறு கிராம்.

டாக்டரம்மா சின்ன வயதுப் பெண். வராந்தாவில் என்னையும் மாப்பிள்ளையையும் கூட வந்த இரண்டு ஜெபக்கூட்டப் பெண்களையும் நிறுத்திச் சொன்னார். கரி எரியும்போது ஒரு விஷவாயு வருமாம். நிறம் இல்லை, மணம் இல்லை. காற்றோட்டம் இருந்தால் கலைந்துவிடும். இல்லாவிட்டால் ரத்தத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தாயைவிடக் குழந்தைக்கு அது கூடுதலாக ஏறுமாம். "தலைவலின்னு ஒரு தடவகூடச் சொல்லலையா?" என்று கேட்டார். ஜெயசிங் என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை. பார்த்தான். அன்றிரவே கோத்தகிரிக்குப் போய், ஜன்னல் தாளையெல்லாம் கையாலேயே கிழித்தெறிந்துவிட்டு வந்தான். நகக்கண்ணில் ரத்தம்.

இனி என் குறைக்கு வருகிறேன். இவ்வளவு நடந்த பிறகு ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? மூலையில் முடங்க வேண்டுமா? தன் துன்பத்தைப் பிறருக்குப் பயன்படுத்த வேண்டுமா? மறு மாதமே நான் கோயிலில் எழுந்து நின்று பேசினேன். "ஒரு தகப்பன் இருந்தான்" என்று தொடங்கினேன். பேர் சொல்லவில்லை. குளிருக்குப் பயந்து காற்றை அடைத்தவனின் கதை. ஜனங்கள் அழுதார்கள். மறுநாளே ஏழெட்டு வீட்டில் வென்டிலேட்டரைத் திறந்து வைத்தார்கள். எஸ்டேட் தொழிலாளர் லயங்களில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், மூன்று பள்ளிக்கூடங்களில் சொன்னேன். இதனால் ஓர் உயிராவது தப்பியிருக்கும். தப்பியிருக்காதா?

அது பியூலா காதுக்குப் போயிற்று. போன் செய்தாள்.

"எம் புள்ளைக்கு இன்னும் பேர்கூட வைக்கலப்பா. அதுக்குள்ள அவன உதாரணம் ஆக்கிட்டீங்களா?"

பிறகு பேசவில்லை. இரண்டு வருடம். ஒரு தடவை நேரில் போனேன். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவைத் தட்டிக்கொண்டே, மன்னிக்காதவன் தன் கையிலேயே நெருப்புக் கங்கை வைத்திருப்பவன் என்று ஒரு கதை சொல்லத் தொடங்கினேன். உள்ளே ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

இன்று சுகிர்தம் விடியலில் எழுந்து பன் வேகவைத்தாள். இப்போது கேஸ் ஓவன், முற்றத்தில் வைத்து. அவளுக்குக் கைநடுக்கம் அன்றிலிருந்து நிற்கவில்லை. அதனால் பன் எல்லாம் கோணல்மாணலாக இருக்கும். பொட்டலத்தை என் மடியில் வைத்து, "போய் உக்காந்து அவ சொல்றத மட்டும் கேளுங்க. வாயத் தொறக்காதீங்க" என்றாள். நான் எப்படிச் சும்மா இருப்பது? நேற்று முழுவதும் மகளிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயாரித்தேன். ஏரி, கரை, காவல்காரன், எல்லாவற்றையும் திருப்பிப்போட்டு, நண்டுதான் சரி, காவல்காரன்தான் குருடன் என்று வருமாறு. நன்றாக வந்திருக்கிறது. உங்களிடம் சொல்லிப் பார்க்கட்டுமா?

வேண்டாமா?

நீங்களும் அவளைப் போலவே தலையாட்டுகிறீர்கள்.

சரி. கதை இல்லாமல் என்றால் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. கோயிலில் சொன்ன கதையில் அது கிடையாது. சுகிர்தத்துக்குத் தெரியாது. நீங்கள் மேட்டுப்பாளையத்தில் இறங்கிப் போய்விடுவீர்கள், உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

உங்களிடம் பன்னிரண்டரை மணி என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பெண்கள் வந்தது பன்னிரண்டரைக்கு; நானும் அப்போதுதான் வந்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் வந்தது பன்னிரண்டு மணிக்கு.

வந்ததும் கேக் தீய்கிற வாசனை. கதவைத் திறந்தேன். இருவரும் தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். காலையிலிருந்து வேலை, அசந்துவிட்டார்கள், தூங்கட்டும் என்று கால் சத்தம் கேட்காமல் நடந்தேன். பெட்டியைத் திறந்து கேக்கை எடுத்தேன். பியூலாவின் கை ஜன்னல் ஓரத்தில் இருந்தது. தாளில் மறுபடி ஓட்டை. விரல் அதற்குள்ளேயே இருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது சார். இத்தனை சொல்லியும், இத்தனை சொல்லியும். அந்த விரலை மெல்ல எடுத்துக் கம்பளிக்குள் வைத்தேன். மூன்று நாள் மழையில் பசை காயாமல் ஈரமாக இருந்தது. கட்டைவிரலால் தாளை அழுத்தி ஓட்டையை மூடினேன். அடுப்பு எரியட்டும், சூடாக இருக்கும் என்று விட்டேன். வெளியே வந்து, அவர்கள்மேல் குளிர் படாமலிருக்கக் கதவைச் சாத்தி, துணியணையைக் கதவடியில் நெருக்கி வைத்தேன்.

பிறகு சமையலறையில் உட்கார்ந்து, கேக்கில் தீய்ந்த பக்கத்தை அறுத்துவிட்டு, நல்ல பக்கத்தில் ஒரு துண்டு தின்றேன். நன்றாக இருந்தது.

டாக்டரம்மா அன்று வராந்தாவில் கடைசியாக ஒன்று சொன்னார். "ஒரு அரை மணி நேரம் முன்னாடி வெளிய தூக்கியிருந்தா..." என்று தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான்கு பேர் நின்றோம். அந்த அரை மணி எது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இதற்கு உவமை தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். இரண்டு வருடமாக. காவல்காரன் பொருந்தவில்லை, கரை பொருந்தவில்லை. எதில் வைத்தாலும் அந்தத் தகப்பன் கொஞ்சம் நல்லவனாகிவிடுகிறான்.

அதோ ஓடந்துறைப் பாலம் தெரிகிறது. இன்னும் ஐந்து நிமிடம்.

அவளிடம் சொன்னால் ஏழாம் மாதத்தில் இருக்கிறவள் தாங்குவாளா? சொல்லாமல் போய் இந்தப் பன்னைக் கொடுத்தால், இன்னொரு முறை அதே கதவைச் சாத்துவது போல இல்லையா? பாருங்கள், மறுபடி "போல" வந்துவிட்டது. வேண்டாம். நேரம் வரட்டும். பிள்ளை பிறக்கட்டும். அவளே ஒரு நாள் கேட்பாள், "எத்தன மணிக்குப்பா வந்தீங்க?" என்று. அன்றைக்கு நான் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணிக்கு வந்தேன். கேக்கை எடுத்தேன். ஓட்டையை மூடினேன். கதவைச் சாத்தினேன். இவ்வளவுதான். இதில் கதை ஏதும் இல்லையே சார்? இல்லையே?

அந்தக் கண்ணாடியை... ஆமாம். முழுக்கத் திறந்துவிடுங்கள். பன் ஆறினால் ஆறட்டும்.